நடுங்காத குரல்

டெல்வா பத்து போன் விற்பனைக்கு வந்த வாரம், திருச்சி அரண் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் டீ ஆறிப்போகிற அளவுக்கு விவாதம் நடந்தது.

"கேமரா அதே கேமரா. பேட்டரி அதே பேட்டரி. முதுகுப் பக்கம் கொஞ்சம் வளைச்சு விட்டுட்டு ஒம்பதைப் பத்துன்னு மாத்திட்டான். இதுக்குப் போய் விடியக்காலையில வரிசையில நிக்கணுமா?" என்றாள் மரகதவல்லி.

அவளுடைய போன் பழசு. கண்ணாடியின் ஒரு மூலை உடைந்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது. போன் என்றால் பேச வேண்டும், கேட்க வேண்டும், இரண்டையும் இது செய்கிறது என்பது அவள் கட்சி.

"கேமராவுக்காக யாரு வாங்குறாக்கா?" என்றாள் பக்கத்து நாற்காலி ஷகிலா. "போர்வைக்குத்தான் கூட்டம். செவி இருக்கிற ஊர்ல போர்வை இல்லாம எப்படி நடமாடுறது?"

செவி, டெல்வா ஒன்பதில் வந்த வசதி. எதிர்முனையில் ஒருவர் பேசும்போது திரையின் அடியில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். பேசுகிறவர் நிதானமாக இருந்தால் வெள்ளை, தயங்கினால் மஞ்சள், பயந்தால் சிவப்பு. மனிதக் காது தவறவிடுகிற நடுக்கத்தையெல்லாம் அது பிடித்துவிடும். முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. நண்பர்கள் ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்தார்கள். பிறகு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீடு வாடகைக்கு விடுபவர்கள் பார்த்தார்கள். ஷகிலாவின் தெருவில் ஒரு பெண் போனில் "எனக்குச் சம்மதந்தான்" என்றபோது மஞ்சள் அடித்ததில் நிச்சயித்த கல்யாணமே நின்றுபோனது.

அதிலிருந்து தப்பிக்க டெல்வா பத்தில் வந்ததுதான் போர்வை. உங்கள் குரல் போனைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அதை இஸ்திரி போட்டு அனுப்பிவிடும். வார்த்தை ஒன்றுகூட மாறாது. நடுக்கம், திக்கல், விம்மல், பின்னால் கேட்கிற சத்தம் மட்டும் இருக்காது. எதிரில் இருப்பவர் எந்தச் செவியை வைத்துக்கொண்டு கேட்டாலும் வெள்ளைதான். ஆம்புலன்ஸ், போலீஸ், தெரிந்தவர்கள், இவர்களுக்கு மட்டும் குரல் அப்படியே போகும் என்றது விளம்பரம்.

மரகதத்தின் கணவன் சிவநேசன் வீடு, மனை விற்றுக்கொடுக்கும் தரகர். செவி வந்த பிறகு அவர் தொழில் படுத்துவிட்டது. பத்திரத்தில் வில்லங்கம் இல்லை என்று உண்மையைச் சொன்னால்கூட, நம்பமாட்டார்களோ என்ற பயத்திலேயே அவர் குரல் மஞ்சளாகிவிடும். போர்வை வந்த முதல் நாளே வாங்கிக்கொண்டார். முகத்தில் பழைய களை திரும்பியது.

"நீயும் மாத்திக்க மரகதம்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "ஊரே போர்த்திக்கிட்டுத் திரியுது. நீ மட்டும் சட்டையில்லாம கடைத்தெருவுக்குப் போற மாதிரி இருக்கு."

"எனக்கு ஒளிக்கிறதுக்கு என்னங்க இருக்கு?"

"இல்லாதவனுக்குத்தான் சிவப்பு அடிக்குது. அதான் கொடுமையே."

அவள் சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

கட்டுப்பாட்டு அறையிலும் செவி இருந்தது. வண்டிகள் குறைவு, அழைப்புகள் அதிகம். எந்த அழைப்புக்கு முதலில் வண்டி அனுப்புவது என்பதைக் குரலை வைத்து இயந்திரமே தீர்மானித்தது. சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி. வெள்ளைக்கு எது ஓய்வாக இருக்கிறதோ அது. தேவைப்பட்டால் அழைப்பை எடுத்தவரே கையால் சிவப்பாக மாற்றலாம். மேசையில் அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. ஆனால் மாற்றியது தவறாகிப்போனால் மேலாளர் தாமோதரனிடம் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் யாரும் அதை அதிகம் தொடுவதில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அழைப்புகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது அரியமங்கலத்திலிருந்து ஓர் இளைஞன். கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டு ரத்தம் கொட்டுவதாக அலறினான். பழைய போன், பச்சையான குரல். பட்டை சிவந்து துடித்தது. திருவெறும்பூரில் நின்ற வண்டி காட்டூர் வழியாக அவனுக்குப் போனது.

இரண்டாவது காட்டூரிலிருந்து. மரகதம் எடுத்தாள்.

"என் பொண்டாட்டி கீழ விழுந்துட்டாங்க. பேச்சு மூச்சு இல்லீங்க. சீக்கிரம் வாங்க."

மின்கட்டணம் கட்ட எந்தக் கவுன்டர் என்று விசாரிக்கிற குரல். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பட்டை வெள்ளை.

"மூச்சு சுத்தமா இல்லீங்களா? நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க."

"இல்லீங்க. மூச்சு இல்லீங்க. சீக்கிரம் வாங்க. தயவுசெஞ்சு சீக்கிரம் வாங்க."

மரகதத்தின் கை பொத்தானை நோக்கிப் போனது. வார்த்தைகள் அப்படி இருந்தன. ஆனால் குரல் அப்படி இல்லை. மயக்கத்தை மூச்சில்லை என்று சொல்பவர்கள் தினமும் உண்டு. நிஜமாகவே மூச்சு நின்றிருந்தால் இந்த மனிதர் இப்படியா பேசுவார்? கை திரும்பி வந்தது. நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். ஓய்வாக இருந்த வண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றது. அது காவிரிப் பாலத்தைத் தாண்டி, காலை நெரிசலில் காந்தி மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டூருக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் இறந்து போயிருந்தார். அரியமங்கலத்துப் பையனின் விரலுக்கு இரண்டு தையல் போட்டு அனுப்பினார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மதியம், அந்த மனிதர் கட்டுப்பாட்டு அறைக்கே வந்தார். பெயர் குணசீலன். வீட்டை ஒட்டி லேத் பட்டறை வைத்திருப்பவர். நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் ஏறியிருந்தது. வாசலில் நின்றபடி எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவர் நேராக மரகதத்திடம் வந்தார்.

"நீங்கதானேம்மா அன்னிக்குப் பேசினது?"

அவர் தொண்டை கரகரவென்றிருந்தது. மரகதத்துக்கு அந்தக் குரல் பிடிபடவில்லை. ஊரையும் நாளையும் சொன்ன பிறகுதான் எழுந்து நின்றாள்.

"அய்யா, நீங்க ரொம்ப நிதானமாப் பேசினீங்க. அதனால..."

"நிதானமாவா?" அவர் அவளையே பார்த்தார். "நானாம்மா நிதானமாப் பேசினேன்? நான் கத்துனேன். பட்டறையில மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. நான் கத்துனது பக்கத்துல ஒருத்தருக்கும் கேக்கல. உங்களுக்காவது கேக்கட்டும்னு அடிவயித்துலேருந்து கத்துனேன். தொண்டை கிழிஞ்சு, மறுநாள் சாங்கியம் செய்யறப்ப வாயத் தொறந்தா காத்துதான் வந்துச்சு."

தாமோதரன் ஓடிவந்தார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அன்றைய பதிவைப் போட்டுக் காட்டினால் சமாதானமாகிவிடுவார் என்று நினைத்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்.

*மூச்சு இல்லீங்க. சீக்கிரம் வாங்க. தயவுசெஞ்சு சீக்கிரம் வாங்க.*

குணசீலன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒலிபெருக்கியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் முட்டியது.

"இது யாரு?" என்றார். "இது நானில்ல சார். என் வார்த்தையெல்லாம் பேசுதே, இது யாரு சார்?"

தாமோதரன் பதிவை நிறுத்தினார். அன்று மரகதம் நெஞ்சை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது இந்த மனிதரிடமா, இல்லை ஒலிபெருக்கியில் இருக்கும் அந்த வேறு ஒருவனிடமா?

அவர் போன பிறகு அவள் ஷகிலாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்புலன்சு, போலீசு, தெரிஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் குரல் அப்படியே போகும்னுதானே விளம்பரத்துல சொன்னான்?"

"அது மொதல்லக்கா. போன அப்டேட்டுல எடுத்துட்டாங்க."

"ஏன்?"

"ஜனங்கதான் கேட்டாங்க. ஆம்புலன்ஸ் பதிவையெல்லாம் இன்சூரன்ஸ்காரன் வாங்கிக் கேக்குறானாம். குரல்ல மஞ்சள் இருந்தா ஏதோ மறைக்கிறன்னு பணத்தை நிறுத்திடுறானாம். அதனால எல்லாருக்கும் எப்பவும் போர்வை இருக்கட்டும்னு கேட்டாங்க."

"வேணாம்னா அணைச்சுக்கலாமா?"

"அந்த வசதியையும் தூக்கிட்டாங்க. அணைச்சாத் தெரிஞ்சிருமாம். இவன் மட்டும் ஏன் அணைச்சான், இல்ல ஏன் அணைக்கலன்னு கேள்வி வருதாம்." ஷகிலா தன்னுடைய புதுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அவங்கவங்க குரல் எப்படிப் போகுதுன்னு அவங்கவங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது."

அன்று முதல் மரகதத்துக்கு, வெள்ளைப் பட்டையோடு வந்த ஒவ்வொரு குரலுக்கும் பின்னால் யாரோ கத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. முடிந்தவரைக்கும் பொத்தானை அழுத்தினாள். தாமோதரன் அவள் மேசைக்கு வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எல்லாத்தையும் சிவப்பாக்கினா எதுவுமே சிவப்பில்ல மரகதம். வண்டிக்கு நான் எங்க போவேன்?" அவர் சொன்னதிலும் தப்பில்லை.

குணசீலன் புகார் கொடுத்தார். சென்னைத் தலைமை அலுவலகம் போனிலேயே விசாரணை நடத்தியது. அவர்களிடமும் செவி இருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் சிவநேசன் தன் டெல்வாவை எடுத்து அவள் முன் வைத்தார்.

"இதுல பேசு."

"வேணாங்க."

"மரகதம், நீ தப்பு பண்ணல. இயந்திரம் காட்டினதைச் செஞ்ச. ஆனா உன் குரல் நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்கினா அங்க சிவப்பு அடிக்கும். தப்பு பூரா உன் தலையில விடியும். எத்தனை வருஷத்து வேலை இது? யாருக்காகப் போகணும்?"

அவள் அந்தப் போனை வெகுநேரம் தொடவில்லை. மறுநாள் அழைப்பு வரும் நேரத்தில் தன் சிம்மை அதில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

விசாரித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் கேட்டார்: "அந்த நபரோட வார்த்தைகளைக் கேட்டப்ப உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்துச்சா? கையால மாத்தணும்னு தோணுச்சா?"

பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பிய கையைத்தான் மரகதம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது மடியில் கிடந்து உதறியது. உதடு துடித்தது. பல் ஒன்றோடொன்று இடித்தது.

"இல்லீங்க மேடம்" என்றாள்.

"நன்றிம்மா. தெளிவாச் சொன்னீங்க."

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. பணியாளர் மீது குற்றமில்லை. புகார் கொடுத்தவரையும் போனில் விசாரித்ததாகவும், அவரிடமும் பதற்றம் எதுவும் காணப்படவில்லை என்றும் அதிலிருந்தது. சிவநேசன் இனிப்பு வாங்கி வந்தார். அவள் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்று காட்டூருக்குப் போன வண்டியை ஓட்டிய ஜெரால்டு ஒரு செய்தியோடு வந்தான். குணசீலனின் மச்சினர்கள் எப்படியோ அந்தப் பதிவைக் கேட்டுவிட்டார்களாம். அக்கா செத்துக்கொண்டிருக்கும்போது புருஷன்காரன் சந்தைக் கடையில் விலை விசாரிப்பதுபோலப் பேசியிருக்கிறான், இவன்தான் ஏதோ செய்திருக்கிறான் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டறைக்கு இப்போது வேலை வருவதில்லை. தெருவில் யாரும் முகம் கொடுப்பதில்லை.

"போர்வைன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் மரகதம்.

"தெரியும். கொஞ்சம் மெருகு போடும், அவ்ளோதான்னு கம்பெனி சொல்லுதே. கதறுறவனை இப்படி மாத்துமான்னு கேக்குறாங்க. நம்ம ஆபீஸ் விசாரணையிலயே பதற்றம் இல்லன்னு வந்துருச்சுல்ல, அதையும் காட்டுறாங்க."

அன்று வீட்டில் அவள் காட்டூருக்குப் போகப்போவதாகச் சொன்னாள். சிவநேசன் தட்டைத் தள்ளி வைத்தார். "போய் என்ன சொல்லுவ? பொய் சொன்னேன்னா? நான் கொடுத்த போன்ல சொன்னேன்னா? முடிஞ்சு போனதைக் கிளறாத. போகாத. சொல்லிட்டேன்." மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்ததும் அவள் காட்டூர் வழியாகப் போகும் துவாக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பட்டறை மூடிக் கிடந்தது. பக்கத்தில் வீடு. முன்னால் இரும்புக் கிரில் கதவு உள்ளிருந்து பூட்டியிருந்தது. குணசீலன் கிரிலுக்கு அந்தப்புறம் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கதவைத் திறக்கவில்லை.

"அய்யா, ஒண்ணு சொல்லணும்."

"வாயால சொல்லாதீங்க." கரகரத்த குரல். "அன்னிக்கு உங்க ஆபீசுல வந்து நான் புலம்பினேன், நீங்க எல்லாரும் பார்த்தீங்க. அது கணக்குல வராதுன்னுட்டாங்க. பதிவுல இருக்கிறதுதான் பேச்சாம். என் நம்பர் உங்ககிட்ட இருக்குமே. போன்ல சொல்லுங்க. நான் பதிவு பண்ணிக்கிறேன்."

மரகதம் தன் பழைய போனை எடுத்தாள். கிரிலுக்கு அந்தப்புறம் அவருடைய டெல்வா ஒலித்தது. கையெட்டும் தூரத்தில் இருவரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் மரகதவல்லி. அன்னிக்கு உங்க அழைப்பை எடுத்தவ. மூச்சு இல்லன்னு நீங்க சொன்னீங்க. திரும்பத் திரும்பச் சொன்னீங்க. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. மாத்தறதுக்குக் கை போச்சு. மாத்தல. குரலை நம்பினேன், வார்த்தையை நம்பல. உங்க ஊர் வழியாப் போன வண்டிய உங்ககிட்ட திருப்பி விட்டிருந்தா... விசாரணையில கேட்டாங்க. சந்தேகமே வரலன்னு பொய் சொன்னேன். போர்வை போட்ட போன்ல சொன்னேன். நீங்க கத்துனீங்க. உங்க தொண்டையை நான் நேர்ல பார்த்தேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

முழுக்கச் சொல்வதற்குள் அவள் குரல் பலமுறை உடைந்தது. உடைந்தது உடைந்தபடியே அவருக்குப் போயிற்று. போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார் குணசீலன். அதன் சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது. போர்வை இல்லாத குரல்தான் என்று செவி சாட்சி சொல்லிவிட்டது. இந்தப் பதிவு நாளைக்குக் காவல் நிலையத்துக்குப் போகும், தலைமை அலுவலகத்துக்கும் போகும். வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் மறுபடி போனைக் காதில் வைத்தார்.

"வந்து சொன்னதுக்கு நன்றிம்மா" என்றது அவள் காதில் ஒரு குரல். ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல். மழை விட்ட தெரு மாதிரி அமைதியாக இருந்தது. "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. நல்லா இருங்க. வீட்டுக்குப் போங்க."

அதே வார்த்தைகள் கிரிலுக்கு உள்ளேயிருந்தும் வந்தன. அவருடைய இடது கை இரும்புக் கம்பியைப் பற்றியிருந்தது. கம்பி கடகடவென்று ஆடியது. கழுத்து நரம்பு புடைத்து, பல் இறுகி, கிழிந்த தொண்டையிலிருந்து ஒவ்வொரு சொல்லும் காறித் துப்புவதுபோல வந்து விழுந்தது. *கோபம் இல்ல. நல்லா இருங்க.* கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கேட்டது ஒரே வாயிலிருந்து வந்த ஒரே பேச்சுதான். ஒரு காதில் அது மன்னித்தது. மறு காதில் அது அவளைச் சபித்தது.

எந்தக் காதை நம்புவது என்று தெரியாமல் அவள் பின்னால் நகர்ந்தாள். கிரிலுக்குள் அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு ஏறக்குறைய ஓடினாள்.

சத்திரம் பஸ் நிலையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அரியமங்கலம் தாண்டும்போது போன் அடித்தது. சிவநேசன்.

"எங்க இருக்க?"

"பஸ்ஸுலங்க. காட்டூர் போயிட்டு வரேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். பதிவும் பண்ணிக்கிட்டாரு."

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூச்சையும் போர்வை வடிகட்டிவிடும்.

"சரி" என்றார். "நல்லதுதான் செஞ்சிருக்க. வா. தோசை ஊத்தி வைக்கிறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவருடைய ஒற்றை 'ம்'மை வைத்தே அவர் பசியாக இருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, உடம்புக்கு முடியவில்லையா என்று சொல்லிவிடக்கூடியவள் அவள்.

"நெஜமாவாங்க?"

"நெஜமாத்தான் மரகதம். நீ வா."

இதமான, சமமான குரல். அந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா? அழுகிறாரா? அவளுடைய சாமான்களை எடுத்து வாசலில் எறிந்துகொண்டே பேசுகிறாரா? தோசைக்கல்லை நிஜமாகவே அடுப்பில் வைத்திருக்கிறாரா? இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மெயின்கார்டு கேட்டில் இறங்கினால் வீடு பக்கம். பஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "இறங்குறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். மரகதம் கைப்பையை இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பியது.